பழைய டெஸ்க்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி

தாராவி 90 அடி சாலைப் பக்கம் நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடை. டிக்கெட் புக்கிங், பான் கார்டு விண்ணப்பம், பயோடேட்டா டைப்பிங் எல்லாம் ஒரே அசெம்பிள் கம்ப்யூட்டரில்தான். இரண்டாம் தலைமுறை ஐ3, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம். மழைக்காலத்தில் அதன் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. ஃபைல் திறக்கத் தாமதம், பிறகு ஒரு நாள் பூட் ஆகும், மறுநாள் கருப்புத் திரை. “கம்ப்யூட்டரையே மாத்திடலாமாண்ணே?” என்றார். வேண்டாம் என்றேன்.

புது டிஸ்க் வாங்கும் முன் பழையதில் இருப்பதை மீட்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். சாகும் டிஸ்க்கில் ‘செக்டிஸ்க்’ ஓட்டாதீர்கள். அது எழுதித் திருத்தப் பார்க்கும், இருப்பதும் போகும். பென் டிரைவிலிருந்து லினக்ஸைப் பூட் செய்து ‘டிடிரெஸ்க்யூ’ ஓட்டினோம். நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் அது தொடும். பெரும்பாலான ஃபைல்கள் வந்துவிட்டன. டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ சத்தம் கேட்டால் இதையும் செய்யாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

வாங்கியது குரூஷியல் பிஎக்ஸ்500 எஸ்எஸ்டி, 480 ஜிபி. மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ லோக்கல் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால் நடை தூரத்தில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு. அங்கே பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். மறுத்துவிடுங்கள், மூன்று வருட வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

மாட்டுவது எளிது. 2.5 அங்குல எஸ்எஸ்டியை 3.5 அங்குல இடத்தில் பொருத்த ஒரு பிராக்கெட் போதும். பவர் சப்ளையில் சாட்டா பின் இல்லையென்றால் கன்வெர்ட்டர் தேவைப்படும். அதில் வார்ப்பு பிளாஸ்டிக் வகை சூடேறி எரிந்த சம்பவங்கள் உண்டு, அதைத் தவிருங்கள். பயாஸில் ‘ஐடிஇ’ என்றிருந்தால் ‘ஏஎச்சிஐ’க்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு சிஸ்டம் போடுங்கள். வரிசை மாறினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

பெட்டியில் விநாடிக்கு 540 எம்பி என்று போட்டிருக்கிறது. எச்61 போர்டில் அது கிடைக்காது. அதன் சாட்டா போர்ட்டுகள் 3 ஜிகாபிட் வகை, சுமார் 280 எம்பியோடு சரி. ஆனாலும் கடைக்காரர் வித்தியாசத்தை உடனே உணர்ந்தார். காரணம் வேறு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். படிக்கும் முனை நகர்ந்து, வேண்டிய இடம் அதன் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கான ஃபைல்களைத் திறக்கும்போது அந்தக் காத்திருப்பெல்லாம் சேர்ந்துகொள்கிறது. எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை. முன்பு டீ குடித்துவிட்டு வரும்வரை பூட் ஆன கம்ப்யூட்டர் இப்போது அரை நிமிடத்துக்குள் தயார்.

குறை உண்டு. பிஎக்ஸ்500-இல் தனி டிராம் கேஷ் கிடையாது. பெரிய வீடியோ ஃபைல்களை ஒரே மூச்சில் எழுதினால் வேகம் சரியும். கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் வேறு எஸ்எஸ்டி பாருங்கள். ஆயுள் பற்றிய பயம் வேண்டாம். நிறுவனம் குறிப்பிடும் எழுதும் அளவு 120 டெராபைட். தினம் 20 ஜிபி எழுதினாலும் பதினாறு வருடம் ஆகும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இந்த ஐ3 இல்லை. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டோம். தமிழ்99 விசைப்பலகை வந்துவிடுகிறது. பாமினியில் அடித்த பழைய பயோடேட்டாக்களுக்கு அந்த எழுத்துருவையும் நகலெடுக்க வேண்டும். உங்கள் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே தாராவியின் 13 காம்பவுண்டு காயலான் கடைகளில் எடைக்குப் போட நான் விடவில்லை. அதில் வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள் இருந்தன. டெலீட் செய்தால் மட்டும் அவை அழிவதில்லை. தட்டுகளைத் துளையிட்ட பிறகே கொடுத்தோம்.

எச்61 காலத்துக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு என் தீர்ப்பு: பெட்டியை மாற்றாதீர்கள், டிஸ்க்கை மாற்றுங்கள். கையில் காசு மிஞ்சினால் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். ஆனால் எஸ்எஸ்டி சாகும்போது பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது. முக்கியமான ஃபைல்களுக்கு இன்னொரு நகலை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.