64 நொக்-அவுட்களின் எடை

ரொக்கி மார்சியானோ ஒருமுறைகூடத் தோற்காமல் ஓய்வுபெற்ற ஹெவிவெயிட் உலகச் சாம்பியன். 49 போட்டி, 49 வெற்றி, அதில் 43 நொக்-அவுட். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த ஜோர்ஜ் சுவாலோ உலகப் பட்டம் எதையும் வென்றதில்லை. 93 போட்டிகளில் 73 வெற்றி, 18 தோல்வி, 2 சமநிலை, நொக்-அவுட் 64. வெற்றிகளில் எத்தனை பங்கு நொக்-அவுட் என்று கணக்குப் போட்டால் இருவருக்கும் ஏறத்தாழ 88 சதவீதம் வருகிறது. 56 வெற்றிகளில் 37 நொக்-அவுட் வைத்திருக்கும் முகமது அலிக்கு 66தான். இந்த அளவுகோலின்படி சுவாலோ மார்சியானோவுக்குச் சமம், அலிக்கு ஒரு படி மேல். குத்துச்சண்டை தெரிந்த எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் ஹெவிவெயிட் வீரர்களை ஒப்பிட உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் கையிலெடுப்பது இதே அளவுகோலைத்தான்.

வெற்றிகளை விட்டுவிட்டு மொத்தப் போட்டிகளால் வகுத்துப் பார்க்கலாம். மார்சியானோ அதே 88இல் நிற்கிறார், சுவாலோ 69க்கு இறங்குகிறார், அலி 61க்கு வருகிறார். வரிசை கொஞ்சம் நேராகிறது. அலிக்கு மேலே சுவாலோ என்பது மட்டும் மாறவில்லை. அப்படியென்றால் கோளாறு வகுத்தலில் இல்லை. 64 என்ற எண்ணுக்குள் எதையெல்லாம் போட்டு மூடியிருக்கிறோம் என்று திறந்து பார்க்க வேண்டும்.

அதற்கு முன் இந்த அளவுகோலின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். புள்ளிக் கணக்கில் முடியும் போட்டி தீர்ப்பாளர்களின் கண்ணையும் மனத்தையும் நம்பியிருக்கிறது. உள்ளூர்க்காரருக்குச் சாய்ந்த தீர்ப்பு, விளம்பரதாரருக்குச் சாய்ந்த தீர்ப்பு என்று இந்த விளையாட்டில் தீராத வழக்குகள் ஏராளம். எதிராளி பத்து எண்ணி முடிவதற்குள் எழவில்லை என்றால் அங்கே வழக்கில்லை. ஹெவிவெயிட்டில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. 1994 நவம்பரில் 45 வயது ஜோர்ஜ் ஃபோர்மன், மைக்கேல் மூரரிடம் ஒன்பது சுற்றுகள் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்று தீர்ப்பாளர்களின் தாளிலும் அவர் பின்தங்கியிருந்தார். பத்தாவது சுற்றில் வலக்கைக் குத்து ஒன்று விழுந்தது, பட்டம் கைமாறியது. கடைசி மணி அடிக்கும்வரை ஆட்டத்தைத் தலைகீழாக்கக்கூடிய இந்த ஆபத்தைப் புள்ளிகள் காட்டாது. நொக்-அவுட் கணக்கு காட்டும்.

இனிக் குறைகள். முதலாவது, நொக்-அவுட் என்று எழுதப்படுபவை எல்லாம் ஒரே சரக்கு இல்லை. பத்து எண்ணி முடித்ததும், நடுவர் இடையில் புகுந்து நிறுத்தியதும், புருவம் கிழிந்து இரத்தம் நிற்காமல் போனதும், பயிற்றுநர் ‘போதும்’ என்றதும் பெரும்பாலும் ஒரே கட்டத்துக்குள் போய்விடுகின்றன. ஒன்ராறியோவின் கிச்சனரில் வளர்ந்து, 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் வென்ற லெனொக்ஸ் லூயிஸின் பட்டியலில் 32 நொக்-அவுட்கள் உள்ளன. 1997இல் ஒலிவர் மெக்கோலை ஐந்தாவது சுற்றில் வென்றதும் அதில் ஒன்று. அன்று மெக்கோல் மேடையிலேயே அழுதுகொண்டு சண்டையிட மறுத்து நின்றார், நடுவர் நிறுத்தினார். லூயிஸின் கைப்பலத்தைப் பற்றி அந்த முடிவு சொல்வது கொஞ்சம்தான்.

சுவாலோவின் 64இலும் இப்படி ஒன்று உண்டு. 1969 டிசம்பரில் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டனில் ஜெரி குவாரி புள்ளிகளில் முன்னால் இருந்தார். ஏழாவது சுற்றின் கடைசியில் சுவாலோவின் குத்து விழுந்தது. குவாரி எழுந்துவிடக்கூடிய நிலையில்தான் இருந்தார். மூச்சு வாங்குவதற்காக ஒரு முழங்காலை ஊன்றியபடி நடுவரின் எண்ணிக்கைக்குக் காத்திருந்தார். கணக்குத் தவறியது. அவர் எழுந்தபோது பத்து முடிந்துவிட்டது. அடித்தது மெய்யான குத்துத்தான், விதிப்படி வெற்றியும் சரிதான். ஆனால் அதன் எடையைப் பட்டியலில் உள்ள ‘நொக்-அவுட்’ என்ற சொல்லால் நிறுக்க முடியாது.

இரண்டாவது குறை, யாரை வீழ்த்தினார் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. 1956 ஏப்ரலில், 18 வயதில், சுவாலோ தொழில்முறை வீரராகக் களமிறங்கினார். ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நடந்த தொடரில் ஒரே இரவில் நான்கு பேரை நொக்-அவுட் செய்தார். 64இல் நான்கு அன்றே வந்துவிட்டன. 1964இல் டக் ஜோன்ஸைப் பதினோராவது சுற்றில் நிறுத்தியதற்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. இந்த ஜோன்ஸ்தான் அதற்கு முந்திய ஆண்டு, இன்னும் கேசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலியைப் பத்துச் சுற்றும் திணறவைத்தவர். அலியால் வீழ்த்த முடியாத ஒருவரைச் சுவாலோ வீழ்த்தினார் என்ற செய்தி, அந்த அறிமுக இரவின் நான்கையும் சேர்த்து வைத்தாலும் கனமானது. பட்டியலோ நான்குக்கு ஒன்று என்கிறது.

மூன்றாவது, யாரோடு மோத விடப்படவில்லை என்பது எந்த எண்ணிலும் இல்லை. லாரி கெயின்ஸ் ரொறன்ரோவில் பிறந்த கறுப்பின ஹெவிவெயிட். 1925இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை ஜெர்மனியிலேயே வைத்து இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார்; 1932இல் லண்டனில் பிரிமோ கார்னேராவைப் புள்ளிகளில் வென்றார். ஷ்மெலிங் 1930இலும் கார்னேரா 1933இலும் உலகச் சாம்பியன்கள் ஆனார்கள். இருவரையும் வென்ற கெயின்ஸுக்கு உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 1915இல் ஜாக் ஜோன்சன் பட்டத்தை இழந்த பிறகு 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை கறுப்பினத்தவர் எவருக்கும் அந்தக் கதவு திறக்கப்படவில்லை. அந்தக் காலத்துப் பட்டங்களை எண்ணிப் பெருமை பேசுகிறவர், பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எண்களை நம்பாதவர்கள் மறுபக்கம் போய் நினைவை நம்புகிறார்கள். அதிலும் சறுக்கல் உண்டு. ‘சார்பட்டா பரம்பரை’ படம் பார்த்த நமக்கு, அதில் தோற்றுப்போன வீரர் டான்சிங் ரோஸ்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். ரொறன்ரோ நினைவில் வைத்திருக்கும் சுவாலோவும் ஒரு தோல்வியின் சுவாலோதான். 1966 தொடக்கத்தில் வியட்நாம் போரைப் பற்றி அலி சொன்னதற்காக, அவருடைய போட்டிக்கு இடம் தராமல் அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் இடம் தந்தது. அதை எதிர்த்து, அந்த அரங்கைக் கட்டிய கொன் ஸ்மைத் நிர்வாகத்திலிருந்து விலகினார். முதலில் பேசப்பட்ட எர்னி டெரல் ஒதுங்கிக்கொள்ள, மூன்று வாரம்கூட இல்லாத அவகாசத்தில் சுவாலோ அழைக்கப்பட்டார். மார்ச் 29 அன்று பதினைந்து சுற்றுகளும் முன்னால் வந்துகொண்டே அலியின் விலாவில் குத்தினார். தோற்ற நான் என் மனைவியோடு நடனமாடப் போனேன், வென்றவர் மருத்துவமனைக்குப் போனார் என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லுவார்.

நல்ல கதை. ஆனால் அன்று பெரும்பாலான சுற்றுகளைத் தெளிவாக வென்றவர் அலி. இடுப்புப் பட்டிக்குக் கீழே விழுந்த சுவாலோவின் குத்துகள் பலவற்றை நடுவர் கண்டுகொள்ளவில்லை என்பதும் அந்தக் கதையில் வராது. பின்னர் மூன்று மகன்களையும் மனைவியையும் பறிகொடுத்துவிட்டு, போதைப்பொருளுக்கு எதிராகப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசிய தகப்பன்மீது நமக்குள்ள மரியாதையும் குத்துச்சண்டை மதிப்பீட்டுக்குள் கசிந்துவிடுகிறது. மரியாதை அவருக்கு உரியதுதான். மேடைக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

நினைவு பிடித்துத் தொங்கும் இன்னொரு பெருமை, 93 போட்டியிலும் சுவாலோ ஒருமுறைகூடக் கீழே விழவில்லை என்பது. இதைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன். விழுந்தவனுக்கு எண்ணிக்கை நடக்கும். சில நொடிகளாவது அடி நிற்கும். விழாதவனுக்கு அது இல்லை. 1967இல் ஜோ பிரேசியர் நான்காவது சுற்றிலும், 1970இல் ஃபோர்மன் மூன்றாவது சுற்றிலும் சுவாலோவை நிறுத்தினார்கள். இரண்டு முறையும் அவர் நின்றபடியேதான் வாங்கினார். நடுவர் வரும்வரை குத்துகள் ஓயவில்லை. அந்தத் தலைமுறை கொடுத்த விலை தெரியாததல்ல. 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. தலையில் வாங்கிய குத்துகளால் மூளை சிதைந்த குவாரி 1999இல், 53 வயதில் இறந்தார். தாங்கும் திறனைத் தரவரிசையில் ஏற்றிப் போற்றும்போது, ‘இன்னும் கொஞ்சம் வாங்கு’ என்று அடுத்த பையனுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்.

நொக்-அவுட் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, பிரித்துப் படித்தால் போதும். உலகப் பட்டத்தை வென்றவர்களை எதிர்த்து என்ன நடந்தது என்று மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். சுவாலோ அப்படிப்பட்ட ஆறு பேரோடு மோதினார்: ஃபுளோய்ட் பற்றர்சன், டெரல், அலி, பிரேசியர், ஃபோர்மன், ஜிம்மி எல்லிஸ். 1972இல் வன்கூவரில் அலியை மறுபடி சந்தித்ததையும் சேர்த்தால் ஏழு போட்டிகள். ஏழிலும் தோல்வி; ஒரு நொக்-அவுட்கூட இல்லை. ஆனால் ஐந்து போட்டிகள் கடைசி மணிவரை போயின.

அவருடைய இடம் இந்தக் கணக்கில்தான் தெரிகிறது. மார்சியானோவுக்குச் சமமான குத்து அவரிடம் இருந்ததில்லை; இருந்திருந்தால் இந்த ஏழில் ஒன்றாவது திரும்பியிருக்கும். ஹெவிவெயிட்டின் மிகக் கடினமான தலைமுறையில், பெரும்பாலான சாம்பியன்கள் எளிதாகத் தாண்டிப் போக முடியாத முதல்தரப் போட்டியாளர் அவர். 88 சதவீதம் அவரை அதற்கு மேலே தூக்குகிறது, 18 தோல்வி அதற்குக் கீழே தள்ளுகிறது, இரண்டும் பிழை. இனி யாராவது ஒரு வீரரின் நொக்-அவுட் எண்ணிக்கையைச் சொல்லி வாதாட வந்தால், வீழ்த்தப்பட்டவர்களில் பத்துப் பேரின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தடுமாறினால் அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் மதிப்பு.