சிறுமூளைக்கு ஒரு அளவுகோல்

தங்கையின் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு நானும் போயிருந்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை. டாக்டரம்மா கருவியை லேசாகச் சாய்த்ததும் பின்பக்கம் டம்பெல் போல இரட்டை உருண்டை தெளிந்தது. சிறுமூளை. இந்த ஓரத்தில் ஒரு கூட்டல் குறி, அந்த ஓரத்தில் ஒன்று, 20 மில்லிமீட்டர். "இருபது வாரம், சரியா இருக்கும்மா" என்றார்.

இந்தக் கணக்கின் அழகு எனக்கு இன்னும் தீரவில்லை. ஏறக்குறைய 24 வாரம் வரை சிறுமூளையின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டரோ, கருவுக்கு அத்தனை வாரம். அடுத்து மூளைக்குள் நீர் தங்கும் அறை. அதன் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். மூளையின் மடிப்புகளை அது இன்னும் தெளிவாகக் காட்டும்.

எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே அது கெட்டியா, உள்ளே விரிசல் விட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். ஸ்கேனும் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கும் வித்தைதான்.

கருவின் மூளையை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கவும் வழி வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற பெயரில் அதன் வரைபடத்தை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து மூளைகள், 5,132 சீவல்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் 18 முதல் 20 வாரத்துக்குள் இந்த ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். தள்ளிப்போட வேண்டாம்.