கம்பைலர் மாறினாலும் மாறாத குறியாக்கம்

குறியாக்க நிரல் எல்லாக் கம்பைலர்களிலும் பிழையின்றி ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிகூட முடியவில்லை. விடை ஒன்றாக வர வேண்டும். சாவி எதுவானாலும் ஓடும் நேரம் மாறக் கூடாது. வேலை முடிந்ததும் சாவி நினைவகத்தில் தங்கக் கூடாது. சி மொழித் தரம் நெடுங்காலம் காத்துவந்தது முதலாவதை மட்டுமே. அதுவும் நாம் விதி மீறாதவரை.

மீறுவதோ எளிது. 32 பிட் எண்ணை 7 இடம் சுழற்ற, இடப்பக்கம் 7, வலப்பக்கம் 25 நகர்த்தி இணைப்பார்கள். சுழற்றும் அளவு பூஜ்யமாக வந்தால் வலப்பக்கம் 32 இடம் நகர்த்த நேரும். அதன் விளைவைத் தரம் வரையறுக்கவில்லை. கம்பைலர் எதையும் செய்யலாம். எண்ணின் அகலத்திலும் குழப்பம் இருந்தது. 64 பிட் லினக்ஸில் ‘லாங்’ 64 பிட், விண்டோஸில் 32. அகலம் குறித்த எண் வகைகளை 1999ஆம் ஆண்டுத் தரம் தந்த பிறகுதான் நிரலர்கள் மூச்சுவிட்டார்கள்.

இப்படித் தூய சி மொழியிலேயே எழுதுவோருடையது முதல் மரபு. இவர்களை உண்மையில் தோற்கடிப்பது நேரம்தான். கைபர் என்ற குறியாக்க முறையின் மாதிரி நிரலில், செய்தியின் பிட் 1 என்றால் 1665, இல்லையென்றால் 0 என்று கிளையே இல்லாமல், பிட் கணக்காலேயே தேர்ந்தெடுக்கும் வரி ஒன்று உண்டு. கிளாங் கம்பைலரின் சில பதிப்புகள் அந்தத் தந்திரத்தின் உட்பொருளைப் புரிந்துகொண்டு அதைக் கிளையாகவே மாற்றிவிட்டன. ரகசியம் நேரத்தின் வழியே கசிந்தது. 2024இல் இது வெளிவந்தது. கம்பைலர் செய்தது தரப்படி சரியே!

கம்பைலரை நம்பாதவர்கள் அசெம்ப்ளிக்குப் போனார்கள்; இது இரண்டாவது மரபு. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஆண்டி பொல்யாக்கோவ் வளர்த்த முறை புகழ்பெற்றது: பெர்ல் நிரல் ஒன்று, அந்தந்த அசெம்ப்ளருக்கு ஏற்ற நடையில் அசெம்ப்ளியை அச்சிட்டுத் தரும். ஆனால் நடை மாறினால் போதாது, ஒப்பந்தமும் மாறும். எக்ஸ்எம்எம் 6 முதல் 15 வரையான ரெஜிஸ்டர்களை, அழைக்கப்பட்ட ஃபங்ஷன் பழையபடியே திருப்பித் தர வேண்டும் என்பது 64 பிட் விண்டோஸின் விதி. லினக்ஸில் அப்படி இல்லை. பாலி1305 என்ற செய்திச் சரிபார்ப்பு முறைக்காக அந்நூலகத்தில் இருந்த, புதிய செயலிகளுக்கான அசெம்ப்ளி இதைத் தவறவிட்டது 2023இல் தெரியவந்தது.

மூன்றாவது, நிரூபணக்காரர்களின் மரபு. ஃபியட்-கிரிப்டோ என்ற கருவி, கணிதம் சரியென்று நிரூபித்துச் சி நிரலைத் தருகிறது. ஆனால் கடைசிப் படியில் மறுபடியும் சாதாரணக் கம்பைலர். ஜாஸ்மின் என்ற மொழியின் கம்பைலர் நேரே அசெம்ப்ளியைத் தருகிறது, அந்த மொழிபெயர்ப்பும் நிரூபிக்கப்பட்டது. என் ஓட்டு ஜாஸ்மினுக்கே, அது ஓடும் செயலிகள் குறைவு என்றாலும்.

சாவியை அழிப்பது? ‘இனி யாரும் படிக்காத இடம்’ என்று அழிக்கும் வரியையே கம்பைலர் நீக்கிவிடும். ஓப்பன்பிஎஸ்டி ஒரு ஃபங்ஷன், விண்டோஸ் வேறொன்று என்று ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள்; சி23 தரம் இதற்கெனப் பொது ஃபங்ஷனைச் சேர்த்துவிட்டது. நேரம் மாறக் கூடாது என்று கம்பைலரிடம் சொல்ல அதே தரத்தில் ஒரு வரிகூட இல்லை.