செங்கணத்துக்கு ஓர் அத்தியாயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலமை மடங்களாலும் அச்சுக்கூடங்களாலும் உருவானது என்று இப்போது கருத்தரங்குதோறும் சொல்கிறார்கள். ஒருபக்கம் திருவாவடுதுறை, மறுபக்கம் சென்னை. இடையிலுள்ள அரியலூர், பெரம்பலூர் மானாவாரிச் சீமைக்கு அந்தக் கதையில் இடமில்லை. இது பிழையான வரலாறு. பிழை, பதிவுசெய்த முறையிலேயே தொடங்கிவிட்டது.

1859இல் சைமன் காசிச்செட்டியும் 1886இல் சதாசிவம்பிள்ளையும் புலவர்களைப் பெயர்வாரியாகத் தொகுத்தார்கள். பின்வந்தோர் நூல்களைக் காலவாரியாக அடுக்கினார்கள். இந்தச் சீமையின் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் தேம்பாவணியோடும் சதுரகராதியோடும் எல்லாவற்றிலும் இருக்கிறார். நூல் எழுதாமல் பாடம் மட்டும் சொன்னவருக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. அரசுப் பதிவுகள் இன்னும் வறண்டவை. லூயிஸ் மூரின் 1878 திருச்சிராப்பள்ளி மானுவலும் ஹெமிங்வேயின் 1907 கெசட்டியரும் பாளையக்காரர்களையும் நிலவரியையும் தேடிய அளவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வீடுகளைத் தேடவில்லை.

யாரை எந்த வரிசையில் வைப்பது என்ற இதே வழக்கு சீனத்தில் பெரிய அளவில் நடந்தது. 1345இல் முடிந்த சோங் வம்ச அரசு வரலாறு, கன்பூசியச் சிந்தனையாளர் ஜூ ஷியின் மரபுக்குத் தனிப் பகுதி வகுத்தது. அவரோடு வாதிட்ட லு ஜியுயுவானைப் பொதுவான கன்பூசிய அறிஞர் வரிசையில் வைத்தது. மிங் வம்ச வரலாற்றிலும் அப்படியொரு தனிப் பகுதி வேண்டுமா என்ற பேச்சு எழுந்தபோது அறிஞர் ஹுவாங் சோங்சி எதிர்த்தார், அது கைவிடப்பட்டது. மிங் அறிஞர்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலிலோ மிங் காலச் சிந்தனையாளர் வாங் யாங்மிங்கின் மாணவர் மரபுகள் வட்டாரவாரியாகப் பிரிந்து நிற்கின்றன. யார் யாரிடம், எந்த ஊரில் கற்றார் என்பதே அவருக்கு வரலாறு.

நமக்கு அந்த வேலையைத் தம்மையறியாமல் செய்தவர் உ.வே.சாமிநாதையர். 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த ‘என் சரித்திரம்’ நூலை ஏடு தேடியவரின் சாதனைக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். அதன் முற்பகுதி ஓர் அபூர்வமான வட்டார ஆவணம். அரியலூரில் சடகோபையங்கார் தமிழ்ச் சுவையை ஊட்டுகிறார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் என்று பாடம் தொடர்கிறது. செங்கணத்து விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. காரையில் கிருஷ்ணசாமி ரெட்டியாரின் ஆதரவு. தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர்; கதை சொல்லிப் பிழைத்தார். ஊரார் கொடுத்த தானியத்தில் குடும்பம் நடந்தது, மகனின் தமிழும் வளர்ந்தது.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முன் போய் நின்ற இளைஞன் வெறுங்கையோடு போகவில்லை. நன்னூலும் காரிகையும் இந்தச் சீமை கொடுத்தவை. வைணவ ஐயங்கார், சைவப் பிள்ளை, நிலக்கிழாரான ரெட்டியார் என்று சாதியும் சமயமும் கடந்த ஆசிரியர் வலை இது. மடத்தின் ஆணையோ அச்சகத்தின் முதலோ இதற்குத் தேவைப்படவில்லை. இதை உ.வே.சா.வின் இளமைக்கால அடிக்குறிப்பாகச் சுருக்குவது அநியாயம்.

மாவட்ட வரலாறு எழுதுவோர் கங்கைகொண்ட சோழபுரத்தில் நூறு பக்கம் நிற்கட்டும். அதோடு ஆசிரியர்–மாணவர் வரிசையை ஊர்வாரியாகவும் எழுத வேண்டும். வீடுகளில் எஞ்சியிருக்கும் ஏடுகளில் எழுதியவர் பெயரும் ஊரும் இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். செங்கணத்திலிருந்தே தொடங்கலாம்; காரிகைப் பாடம் நடந்த ஊர் என்பதற்கு அச்சிலேயே சாட்சி இருக்கிறது.