பெயர் சொல்லி ஜெபிப்பது

தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துச் சபைகளில் ஜெபத்துக்குப் பஞ்சமே இல்லை. விடியுமுன் அதிகாலை ஜெபம், வாரத்தில் ஒரு நாள் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், அவ்வப்போது முழு இரவு ஜெபம், மாதப் பிறப்பில் வாக்குத்தத்த ஆராதனை. பரீட்சைக் காலம் வந்தால் மாணவர்களுக்காகச் சங்கிலி ஜெபம். கத்தோலிக்க ஊர்களில் செபமாலை. இவ்வளவு நேரத்தைக் கடவுளுக்கு முன்பாகச் செலவிடும் சமூகத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கூட்டம் முடிந்து திரும்பும்போது, “இன்னும் பலனுள்ளதாக ஜெபிப்பது எப்படி?” என்று கேட்கிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இரண்டுதான்: இன்னும் அதிக நேரம் ஜெபி, இன்னும் அதிகமாக விசுவாசி. இந்த இரண்டும் போதாது என்பதே என் கருத்து.

பலன் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கேட்டது கிடைத்ததா என்று பார்ப்பதுதான் பலன் என்றால், அதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2006-இல் அமெரிக்கன் ஹார்ட் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு அப்படிப்பட்டது. ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் இரு பிரிவினருக்குத் தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாது. அவர்களில் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்திருந்த மூன்றாம் பிரிவில் அது 59 சதவீதம். நாத்திகர்கள் இதைக் கொண்டாடினார்கள், விசுவாசிகள் கோபப்பட்டார்கள். என் கண்ணில் பட்டது வேறொரு விவரம். ஜெபித்தவர்களுக்கு நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டுமே தரப்பட்டன. யாரென்று தெரியாத ஒருவருக்காக, எழுதித் தந்த வாசகத்தைச் சேர்த்து, குறித்த நாள்கள் வரை ஜெபித்தார்கள். அறிமுகமும் உறவும் அதன் பிறகான கடமையும் இல்லாத ஜெபம் அது. நம் கூட்டங்களிலும் கணிசமான ஜெபம் இந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதுதான் என் கவலை.

ஜெபக்குறிப்பை எடுத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் பீடி சுற்றாத கிராமம் குறைவு. நாளெல்லாம் மடியில் தட்டை வைத்து இலையும் தூளுமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல இடம் ஏது? புருஷனின் குடி, மைக்ரோ பைனான்ஸ் தவணை, வெளிநாட்டில் சம்பளம் கிடைக்காமல் நிற்கும் மகன், மூன்று மாதமாக விடாத இருமல். இவற்றைப் பிறர் முன்னால் சொல்ல அவளுக்கு இருக்கும் ஒரே மரியாதையான இடம் வீட்டு ஜெபக்கூட்டம். “ஜெபிச்சுக்கோங்க” என்ற ஒரு சொல்லில் அவள் தன் பாரத்தைக் கீழே வைக்கிறாள். பத்துப் பெண்கள் கண்ணை மூடி அவள் பெயரைச் சொல்கிறார்கள். இதற்கு ஈடான ஆறுதலை எந்த அரசுத் திட்டமும் அவளுக்குத் தந்ததில்லை. ஜெபக்கூட்டத்தை அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு மாலை அங்கே வந்து உட்கார வேண்டும்.

அதே குறிப்பேட்டில்தான் கோளாறும் தொடங்குகிறது. அடுத்த வாரம் வேறு குறிப்புகள் வந்துவிடும். போன வார இருமல் என்ன ஆயிற்று என்று கேட்பது அரிது. ஆஸ்பத்திரிக்குப் போனாளா, சளிப் பரிசோதனை செய்தாளா, கூட யாராவது போனார்களா? குறிப்பு வாசிக்கப்பட்டது, ஆமென் சொல்லப்பட்டது, கடமை முடிந்தது. இன்னொரு கோளாறும் உண்டு. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு வீட்டின் ரகசியம் தெருவுக்கு வருவது. “அந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கள்” என்று தொடங்கும் பேச்சு பல நேரம் அந்தப் பிள்ளையின் கல்யாணத்தையே கெடுத்திருக்கிறது. மூன்றாவதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். நம் குறிப்புகள் எல்லாம் தனி வீட்டுத் துன்பங்கள். இருமலுக்காக ஜெபிக்கிறோம். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, சேமநல நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, தூள் பறக்கும் அறையில் குழந்தை ஏன் தூங்குகிறது என்பவை ஜெபமாக வருவதில்லை. அநீதியைக் கண்டித்த தீர்க்கதரிசிகளான ஏசாயா, ஆமோஸ் ஆகியோரின் புத்தகங்களைக் கையில் வைத்திருக்கும் சபைக்கு இது அழகல்ல.

இதே நெல்லைச் சீமையில் ஜெபம் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1860-இல், இங்கிருந்து வடக்கே அதிக தூரமில்லாத கிறிஸ்தியான்பேட்டையில், நாட்டு ஊழியர் அருளப்பனின் சபையில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. அழுகை, நடுக்கம், அந்நியபாஷை எல்லாம் அதில் இருந்தன. மிஷனெரிகளில் சிலர் வரவேற்றார்கள், சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்த உணர்ச்சியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வெள்ளைக்காரரின் சம்பளத்தை எதிர்பாராமல் நாட்டுச் சபையார் தாங்களே ஊர் ஊராகப் புறப்பட்டது. 1902-இல் இதே சீமையைச் சேர்ந்த வேதநாயகம் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவிலேயே ஊழியரை வெளியே அனுப்புவதைக் கண்டார். திரும்பி வந்து ஜெபித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் பிறந்தது. நெல்லைச் சபைகளின் காணிக்கையில் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் பகுதிக்கு ஆட்கள் போனார்கள். அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே கலயத்தில் போட்டு வைக்கும் பிடியரிசிக் காணிக்கை இந்தச் சபைகளின் பழைய வழக்கம். ஜெபித்த கைதான் அரிசியையும் அள்ளியது.

எஃப்.எம்.பி.பி. என்று எல்லோரும் சொல்லும் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு இந்த வழியில் வந்ததுதான். 1959-இல் நெல்லைப் பக்கத்து இளைஞர்கள் கூடி ஜெபிக்கத் தொடங்கினார்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் எமில் ஜெபசிங் பெரியமலைக்குப் போனார். பிறகு வட இந்தியா எங்கும் ஆட்கள் போனார்கள். ராஜ்மகால் மலையில் மால்தோ மக்களிடையே மலேரியாவும் காலா அசாரும் கொன்று தின்ற காலத்தில், தென்காசிப் பக்கத்து ஒரு வீட்டுத் திண்ணையில் அங்குள்ள ஓர் ஊரின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அங்கே இருக்கும் ஊழியரின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் அவர்களுக்குத் தெரியும். அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கு தங்கள் கையிலிருந்து போகிறது என்பதும் தெரியும். அவர் எழுதும் செய்தி திரும்பி வரும், அதைக் கொண்டுதான் அடுத்த ஜெபம். குறை இல்லாமல் இல்லை: தொலைவிலுள்ள மலைக்காக உருகுகிறவர்கள் தங்கள் ஊரிலேயே சாதியால் தள்ளி வைக்கப்பட்ட தெருவை மறந்திருக்கிறார்கள். ஆனாலும் நான் அறிந்த அளவில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த ஜெப முறைகளில் இதுவே சிறந்தது. கேட்கிறவர், கொடுக்கிறவர், போகிறவர் மூவரும் இதில் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறார்கள்.

தென்காசி மாவட்டத்துச் சுரண்டையில் பிறந்தவர்தான் டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008). வேறொரு முறையை அவர் பெரிதாக்கினார். இளமையில் உயிரை விடத் துணிந்து ரயில் பாதைக்குப் போய், பிழைத்து வந்தவர். அந்த வேதனை அவருடைய ஜெபத்தில் கேட்டது. ஸ்டேட் பாங்க் வேலையிலிருந்தபடியே, ஜெபம் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினார். சென்னையில் ஜெப கோபுரத்தைத் தொடங்கி, இரவும் பகலும் தொலைபேசியை எடுக்க ஆட்களை வைத்தார். நள்ளிரவில் தூக்குக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மறுமுனையில் ஒரு குரல் கேட்பது எவ்வளவு பெரிய காரியம்! மதம், சபை எதுவும் பார்க்காமல் அந்தக் கதவு திறந்திருந்தது.

ஆனால் அதன் விளைவை இன்று கிராமத்தில் காண்கிறோம். ஜெபம் வேறொருவர் நமக்காகச் செய்துதரும் காரியமாகிவிட்டது. வல்லமையுள்ளவர் ஒருவர் ஜெபித்தால் நடக்கும், நாம் ஜெபித்தால் நடக்காது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பங்காளர் திட்டங்களில் பிள்ளையின் பெயரைப் பதிந்து காணிக்கை அனுப்பும் ஏழைத் தாய்க்கு, ஜெபத்துக்கும் பணத்துக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் வராமலிருக்குமா? அனுப்புகிறவர்கள் அப்படிச் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் அது வந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற விதியோடு நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்தார். அவருடைய புத்தகங்கள் அந்தத் தேவையை உலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன என்பதும் உண்மை. ஆனால் ஜெபத்துக்கு விலை என்ற நினைப்பு அங்கே யாருக்கும் எழ வழியில்லை.

அதே ஏமியின் வாழ்க்கை இன்னொரு தவற்றுக்கும் பதில். 1931-இல் கீழே விழுந்து காயப்பட்ட அவர், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். டோனாவூர் முழுவதும் ஜெபித்தும் அவர் எழுந்து நடமாடவில்லை. அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பவுல் மூன்று முறை கேட்டும் முள் நீங்கவில்லை. கெத்செமனேயில் இயேசு கேட்ட பாத்திரமும் நீங்கவில்லை. இவ்வளவும் தெரிந்த நாமே, பிள்ளை இல்லாத பெண்ணிடமும் புற்றுநோய்க்காரரிடமும் “விசுவாசக் குறைவு” என்கிறோம். மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசி என்று சொல்கிற ஊழியர்களும் இருக்கிறார்கள். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம், பக்கத்து வீட்டுக்கும் பரவும். மருந்தை நிறுத்தச் சொல்லும் ஜெபத்தைப் பலனற்றது என்று சொன்னால் போதாது, அது பாவம்.

மழைக்கான ஜெபத்தைப் பற்றிப் பேசக் குற்றாலத்தையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை பொய்த்து அருவியில் தண்ணீர் விழாத ஆண்டில் சீசன் கடைக்காரர் மட்டும் கஷ்டப்படுவதில்லை. சிற்றாற்றை நம்பிய குளங்கள் வறண்டு, நாற்று காயும். அப்போது சபைகளில் மழைக்காக உபவாசம் அறிவிக்கிறோம். எலியாவின் கதையை வாசிக்கிறோம். ஆனால் எலியா ஜெபித்தபின் வேலைக்காரனைக் கடல் பக்கம் போய்ப் பார் என்று ஏழு முறை அனுப்பியதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். நெகேமியாவும் ஜெபித்துவிட்டு மதிலுக்குக் காவல் வைத்தார். மழைக்காக முழங்காலில் நிற்கும் சபை தன் ஊர்க் குளத்தின் வரத்துக்கால்வாயை யார் அடைத்தார்கள் என்று கேட்காவிட்டால், வரும் மழை எங்கே போய் நிற்கும்? அடைத்தவர் அதே சபையின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அப்படி ஒரு நாள் அந்தக் கேள்வி ஜெபமாக எழுந்தால், அது எந்த முழு இரவு ஜெபத்தையும்விட வலுவாக இருக்கும்.

நீளத்தையும் சத்தத்தையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீண் வார்த்தைகளை அலப்பாதிருக்கும்படி மலைப்பிரசங்கத்திலேயே சொல்லியாகிவிட்டது. கோபுரத்து ஒலிபெருக்கி பக்கத்துத் தெருப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தால், அதை ஆண்டவருக்கான சாட்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் புதுக் குறிப்புகளை எழுதுமுன், போன மாதக் குறிப்புகளை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். அந்த வீட்டுக்கு யார் போனார்கள் என்று கேளுங்கள். யாரும் போகவில்லை என்றால் அன்றைய ஜெபத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் எழுந்து அந்த வீட்டுக்குப் போங்கள்.