பழைய மின்சாரக் கார்

பெட்ரோல் வண்டியின் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித் தோள் நொந்த அந்தக் காலத்தில், நெம்புகோலைத் தள்ளிய மாத்திரத்தில் ஓசையின்றி நகர்ந்து சீமாட்டிகளின் மனத்தைக் கவர்ந்த மின்சாரக் கார்களுள், குதிரை வண்டி செய்து பழகிய ஒரு கம்பெனி 1907இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் செய்யத் தொடங்கிய 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' தனி அந்தஸ்து உடையது. சிதிலமாய்ப் போன அத்தகைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து ஜீர்ணோத்தாரணம் செய்வதே சிலருக்குப் பொழுதுபோக்கு, நல்ல பைத்தியந்தான்!

ஸ்டியரிங் சக்கரம் இல்லாமல் படகுச் சுக்கான் போன்ற நெடுங்கம்பியால் திருப்பப்படும் அவ்வண்டியின் மரச்சட்டமும் மெத்தையும் பொறுமையைச் சோதிப்பவையே. ஆயினும் ரசிகனின் மனம் லயிப்பது மோட்டாரில்தான். கம்யூட்டேட்டர் என்னும் உருளையில் வரிசையாகப் பதிந்து கரியேறிக் கிடக்கும் செப்புத் தகடுகளின்மேல் மெல்லிய உப்புத்தாளை இதமாகப் பிடித்துச் சுற்றச் சுற்ற, கருமை நீங்கிச் செம்பின் நிறம் தலைகாட்டும். எமரித் தாளை எடுத்துவிடலாகாது. அதன் துகள்கள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியவை. தகடுகளுக்கு இடையேயுள்ள அப்பிரகத்தையும் செம்பின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுரண்டிவிட வேண்டும்; இல்லையேல் கார்பன் பிரஷ்கள் துள்ளிப் பொறி பறக்கும்.

பாட்டரி தேய்ந்து தீரும் பொருளாதலால் அதைப் புதிதாக மாற்றுவதில் தோஷமில்லை. மோட்டாரையே கழற்றி எறிந்து நவீன யந்திரத்தைப் புகுத்துவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹென்றி போர்டின் மனைவி கிளாரா விரும்பி ஓட்டியதும் இந்த மின்சாரக் காரைத்தான். அவருடைய 1914ஆம் வருஷத்து வண்டி டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி போர்டு காட்சிசாலையில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கத் தவற வேண்டாம்.