தேதி இல்லாத எச்சரிக்கை

தலையாறு அருவியாக விழும் கொடைக்கானல் மலைத் தண்ணீர் மஞ்சளாறு அணைக்கு வந்து சேருகிறது. அணையின் உயரம் 57 அடி. நீர்மட்டம் 55 அடியைத் தொட்டதும் கடைசி வெள்ள அபாய எச்சரிக்கை விடப்படும். தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி வட்டாரத்தில் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டும். இன்று இப்படிப்பட்ட அறிவிப்புகள் ஒலிபெருக்கி வண்டிக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிடுகின்றன. இந்த வேகத்தைப் போற்றுவதா, அஞ்சுவதா என்று பொதுப்படையாகக் கேட்டால் விடை கிடைக்காது. பேரிடர்க் காலத்தில் சமூக வலைத்தளங்கள் உதவி கேட்கும் குரலை நன்றாகக் கொண்டுசேர்க்கின்றன. வரப்போகும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையையோ பெரும்பாலும் சிதைத்தே கொண்டுசேர்க்கின்றன.

முதலில் பலத்தைப் பார்ப்போம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, படகு வேண்டுவோரையும் உணவு தருவோரையும் தன்னார்வலர்கள் இணையத்தில் இணைத்தார்கள். நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே வரைபடத்தில் குறித்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கேரள அரசு தன்னார்வலர்களோடு சேர்ந்து மீட்புக் கோரிக்கைகளுக்கென்றே ஓர் இணையதளம் நடத்தியது. இவை பலித்ததற்குக் காரணம் உண்டு. உதவிக் கோரிக்கையில் இடமும் தொலைபேசி எண்ணும் இருக்கும். கூப்பிட்டுக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

எச்சரிக்கைக்கு அந்த வசதி இல்லை. அதே 2018 வெள்ளத்தில் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிட்டதாக வதந்தி பரவியது. கேரள அரசு அவசரமாக மறுக்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபரில் அணை பற்றிய அச்சம் மீண்டும் வலைத்தளங்களில் கிளம்ப, ஆபத்து இல்லை என்று கேரள முதல்வர் சட்டமன்றத்தில் விளக்கினார். அந்த அணைத் தண்ணீரில் பயிரிடும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு ஒவ்வொரு புரளியும் வாழ்வாதாரக் கேள்வி. குரல்பதிவோ படமோ பத்துக் கை மாறும்போது தேதியும் சொன்னவர் பெயரும் உதிர்ந்து, பயம் மட்டும் மிஞ்சுகிறது. ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னொன்றையும் காட்டுகிறது: உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம்.

அப்படியானால் அரசு சொல்வதை மட்டும் நம்பினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2004 டிசம்பர் 30 அன்று மத்திய அரசே விடுத்த தவறான சுனாமி எச்சரிக்கையால் தமிழகக் கடற்கரை மக்கள் அலறி ஓடினார்கள். அரசு வாய்மூடி இருக்கும் நேரத்தில்தான் வதந்தி வளர்கிறது என்பதும் உண்மை. ‘பொய்யான எச்சரிக்கையால் என்ன நட்டம், உயிர் பிழைத்தால் போதாதா?’ என்ற வாதம் இதைவிட வலுவானது. ஆனால் மூன்று முறை வீணாக ஓடியவர் நான்காம் முறை வீட்டிலேயே இருந்துவிடுவார். உண்மையான வெள்ளம் அன்று வரலாம். பகிர்வை முடக்குவதும் தீர்வாகாது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி 2018இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த கட்டுப்பாட்டுக்கு வதந்தி எது, உதவிக் குரல் எது என்று பிரித்தறியத் தெரியாது.

ஆகவே வேகத்தைக் குறைப்பதைவிட, செய்தியில் உதிர்ந்துபோவதை உதிராமல் காப்பதே முக்கியம். மழைக்காலத்தில் நீர்வளத் துறை மணிக்கொரு முறை அடிக்கணக்கு, நேரம், வெளியேறும் நீரின் அளவு ஆகியவற்றைத் தமிழில் ஒரே இடத்தில் வெளியிட வேண்டும். கையில் செல்போன் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கும் முதியவருக்கும் ஒலிபெருக்கி தொடர வேண்டும். நம் பங்கு எளியது: எந்த அணை, எத்தனை அடி, எந்தத் தேதி, யார் சொன்னது என்ற நான்கும் இல்லாத எச்சரிக்கையைப் பகிராதீர்கள்; சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐ அழைத்துக் கேளுங்கள்.